ஐப்பசிக்குக் காத்திருக்கும் கிழங்குகள்

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைப் பட்டாசு தெரியும். ஒன்று கடையில் காசு கொடுத்து வாங்குவது. மற்றது வாய்க்கால் ஓரத்திலும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் அடியிலும் தானாக விளைவது. ஊதாப் பூப் பூத்து உதிர்ந்த செடியில், பென்சில் துண்டு போலக் கறுத்துக் காய்ந்து நிற்கும் காயைப் பறிக்க வேண்டும். நுனியில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் சில நொடிகளில் பட்டென்று பிளந்து விதைகளை முகத்தில் அடிக்கும். பட்டாசுக்காய், வெடிக்காய் என்று ஊருக்கு ஒரு பெயர். நாட்டு மருந்துக் கடையில் அதுவே கிரந்திநாயகம்.

தாவரவியலார் அதை ருவேலியா டியூபரோசா என்பார்கள். சொந்த ஊர் நடு அமெரிக்கா. இங்கே வந்து எவ்வளவோ காலமாகி, இந்த ஊர்ச் செடியாகவே மாறிவிட்டது. மண்ணுக்கடியில் அதற்கு விரல் விரலாகத் தடித்த வேர்கள் இருக்கின்றன. சித்திரை வெயிலில் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து போனாலும் அந்த வேர்கள் சாவதில்லை. முதல் மழை விழுந்ததும் துளிர்த்து, அடுத்தடுத்த மழையில் பூத்து, கார்த்திகை முடிவதற்குள் வெடியும் தயார் செய்துவிடும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள்தான் ஆயுள். காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் உதிர்ந்துவிடும். மறுநாள் வேறு பூ. வறட்சியில் பூவையே விரிக்காமல், மொட்டுக்குள்ளேயே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்து விதை உண்டாக்கும் தந்திரமும் அதற்குத் தெரியும்.

தோட்டத்துக்கு வேண்டிய குணம் எல்லாம் இதில் இருக்கிறது. ஆனாலும் எந்த நர்சரியிலும் இதை விற்கமாட்டார்கள். களை என்று பிடுங்கித்தான் எறிவார்கள். கோடைக் கடைசியிலும் அதற்குப் பிந்திய மாதங்களிலும் வீட்டுத் தோட்டத்தில் என்ன பூக்கும், அதிகம் பேர் வைக்காத பல்லாண்டுச் செடிகள் எவை என்ற கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில் நின்றுகொண்டு கேட்டால், பதிலில் பாதி இப்படிப் பிடுங்கி எறியப்படுபவற்றில்தான் கிடைக்கிறது.

இந்தக் கேள்வியே குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுடையது. ஜூன் மாத ரோஜா முடிந்த பிறகு, உறைபனி விழுந்து எல்லாம் கருகுவதற்கு முன், நடுவில் உள்ள இரண்டு மூன்று மாதத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பது அவர்கள் கவலை. அதற்காக ஆஸ்டர், ஜப்பான் அனிமோன், செடம், ஹெலினியம் என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு வகை ஆஸ்டருக்கு மிக்கேல்மஸ் டெய்சி என்று பெயர். செப்டம்பர் 29-இல் வரும் மிக்கேல் சம்மனசு திருநாளையொட்டிப் பூப்பதால் வந்த பெயர் அது. நம்மிடமும் கார்த்திகைப்பூ இருக்கிறது, டிசம்பர் பூ இருக்கிறது. பிந்திப் பூக்கும் பூவுக்கு மாதத்தின் பெயரை வைப்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

அந்தப் பட்டியலை அப்படியே இறக்கி இங்கே நட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலைப்பகுதி நர்சரிகளிலிருந்து ஆசையாய் வாங்கி வந்து, மூன்றாம் வாரம் தொட்டியைக் கவிழ்த்தவர்கள் சாட்சி. வெயில் மட்டும் காரணம் இல்லை. அங்கே செடிக்கு நாளைச் சொல்வது வெளிச்சம். 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து இதை நிறுவினார்கள்: பல செடிகள் பகல், இரவின் நீளத்தை அளந்துதான் பூக்கும் நேரத்தை முடிவு செய்கின்றன. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேர வித்தியாசம் உண்டு. சிவகாசி இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், குறுகிய பகல் சுமார் 11 மணி 35 நிமிடம். மொத்தத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். பகல் சுருங்கட்டும் என்று காத்திருக்கும் செவ்வந்திக்கு இங்கே வருஷம் முழுக்கக் குறும்பகல்தான். அதனால்தான் செவ்வந்தியைப் பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள், செடி வளர்வதற்கு முன்பே மொட்டு வைத்துவிடாமல் இருக்க ராத்திரியில் விளக்கு எரிக்கிறார்கள். வெளித்தோட்டத்தில் அதைத் தள்ளிப்போடுவது நம் வெயில். சூடு தணிந்தால்தான் மொட்டு தேறும். ஆனி, ஆடியில் நட்ட கன்று மார்கழிவாக்கில் பூக்கிறது.

ஆக, இங்கே காலம் சொல்வது வெளிச்சம் இல்லை, தண்ணீர். மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப்பக்கம் கேரளம் நனையும். நமக்கு வருவது ஆடிக்காற்று மட்டும். இந்த வறட்சியைத்தான் தீப்பெட்டியும் பட்டாசும் மூலதனமாக்கிக்கொண்டன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, குச்சியும் மருந்தும் காய்வதற்கு இந்த வானம் கைகொடுத்தது. தீப்பெட்டிக்கு உதவிய வானம் தோட்டத்துக்கு உதவவில்லை. பழந்தமிழ்ப் பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அதற்கு முந்திய ஆவணி, புரட்டாசி கார். இலையுதிர் காலம் என்ற பெயர் அந்த ஆறு பருவங்களில் இல்லை. வெளிநாட்டுப் புத்தகம் எதைக் கடைசி என்கிறதோ அது இங்கே தொடக்கம். தாமதமாக வருவது மழைதான். செடி சரியான நேரத்துக்குத்தான் பூக்கிறது.

இதை ஒப்புக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். எந்தச் செடி கோடையை மண்ணுக்குள் தூங்கிக் கழிக்கிறதோ அதைத் தேட வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் தெருக்களில், சித்திரை வைகாசியில் ஒரு சொட்டும் கேட்காத செடியைவிட மேலான செடி கிடையாது.

அந்த வரிசையில் முதல் இடம் கார்த்திகைப்பூ என்கிற செங்காந்தளுக்கு. தமிழ்நாட்டின் மாநில மலர். பாடப்புத்தகத்தில் படம் பார்க்காதவர் இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசை இதில்தான் தொடங்குகிறது. ஆனாலும் இந்த மாவட்டத்தில் இதை வீட்டில் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கலப்பை வடிவில் இரண்டாகக் கிளைத்த கிழங்கு, அதனால் கலப்பைக்கிழங்கு. விவசாயிகளிடம் கண்வலிக்கிழங்கு. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை உண்டு. அந்த நுனி ஒடிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் பிரயோசனம் இல்லை. ஆனி ஆடியில் நட்டு, இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறுவதற்கு ஏதாவது கொடுத்தால் போதும். பூ பச்சையாய்த் தொடங்கி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் குங்குமச் சிவப்பில் நிற்கும். ஒரே கொடியில் நான்கு நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். தீபாவளிச் சமயத்தில் இதைப் பார்ப்பவர்கள் மத்தாப்பைச் சொல்லாமல் போகமாட்டார்கள். மத்தாப்பு என்ற சொல்லே நிலவொளியைக் குறிக்கும் ‘மாதாப்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது; நம் மக்கள் அதன் வாலில் ஒரு பூவைப் பார்த்து ‘மத்தாப்பூ’ ஆக்கிவிட்டார்கள்.

இதைப் பயிராகப் பார்க்க வேண்டுமானால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் போக வேண்டும். அங்கே முள்கிளுவை வேலியிலும் விராலிக் குச்சியிலும் கம்பியிலும் கொடியை ஏற்றி, காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். விற்பது பூவையும் இல்லை, கிழங்கையும் இல்லை, விதையை. அதில் உள்ள கோல்சிசின் கீல்வாத மருந்துக்கும், தாவரக் கலப்பின ஆய்வில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குவதற்கும் போகிறது. அதே கோல்சிசின்தான் இதன் ஆபத்தும். கிழங்கு, இலை, விதை எல்லாமே விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தரையில் வைக்க நான் சொல்லமாட்டேன். ஆடு கட்டும் வீட்டிலும் வேண்டாம்.

எனக்கு இது ஒரு பாடமும் கற்பித்தது. முதல் வருஷம் நான்கு கிழங்கு வாங்கி வந்து, நல்ல மண்ணாயிற்றே என்று கரிசலிலேயே புதைத்தேன். ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பிக்கொண்டு கதவை மூடிவிடும், காற்றுப் போகாது. தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கூழாகிக் கிடந்தது. பருத்திக்கும் சோளத்துக்கும் கரிசல் தாய்தான். கிழங்குச் செடிக்கு, குறைந்தது ஒரு முழம் மேடு போட்டு, செவல் மண்ணும் ஆற்று மணலும் கலந்து கொடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சாத்தூரும் அருப்புக்கோட்டையும் மேடு கட்டித்தான் ஆக வேண்டும்.

அந்திமந்தாரைக்கு இந்த நாசூக்கு ஒன்றும் இல்லை. பெருவிலிருந்து வந்த செடி. முள்ளங்கி போலக் கறுத்த கிழங்கு. மாலை நாலு மணி சுமாருக்குப் பூ விரிந்து, தெருவே மணந்து, காலை வெயில் ஏறியதும் வாடும். பட்டாசு ஆலைக்கு விடியலில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் வீட்டில் பகலில் பூக்கும் பூ யாருக்கு? அவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில்தான் இது விழிக்கிறது. சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் இணைத்தால் இளஞ்சிவப்பு வருவதைக் காட்டி, மெண்டலின் விதிக்கு விலக்கு சொன்னார் கார்ல் காரன்ஸ். நம் மேல்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்திலும் இந்தப் பூ அதற்காகவே வருகிறது. பரீட்சைக்கு அதை எழுதிய பிள்ளை வீட்டுப் பின்புறம் அதே செடியைக் களை என்று பிடுங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

மழை லில்லி இன்னும் அவசரக்காரி. வெங்காயம் போன்ற குமிழ். புல் போன்ற இலை. நல்ல மழை பெய்த சில நாளில் திடீரென்று வெள்ளையும் ரோஸுமாக எழும்பி நிற்கும். குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அந்த அளவுக்கு எழும்புவதில்லை என்பது வளர்த்தவர்கள் சொல்வது. என் அனுபவமும் அதுதான். சங்குப்பூ, கொடி ரோஜா இரண்டையும் வேலிக்கு வைத்துக்கொள்ளலாம். கொடி ரோஜா மெக்சிகோக்காரி, கிழங்கு வைக்கும். வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனால் சண்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இனி டிசம்பர் பூ. இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. பார்லேரியா கிரிஸ்டாட்டா, குறிஞ்சியும் பட்டாசுக்காயும் சேர்ந்த அதே குடும்பம். ஊதா, வெள்ளை, ரோஸ், வெள்ளையில் ஊதாக் கோடு என்று நான்கு தினுசு. மதுரைச் சந்தையில் குண்டுமல்லி பங்குனியில் தொடங்கிக் கோடையில் குவியும். பனி விழும் மாதங்களில் வரத்துச் சுருங்கி விலை ஏறிவிடும். ஆனி ஆடியில் பூக்கத் தொடங்கும் பிச்சிக்கும் முல்லைக்கும் அப்போது சோர்வு தட்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் டிசம்பர் பூ வருகிறது. வாசனை கிடையாது. இதழ் காகிதம் போல. தலையில் வைத்தால் கனமே தெரியாது. காலையில் பறித்து நெருக்கித் தொடுத்து, பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் இரட்டைச் சடைக்கு நடுவே வைப்பார்கள். இதற்குச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. ஒரு வீட்டில் பூத்தால் நாலு வீட்டுக்குப் போகும். கணுவோடு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும் என்பதால் செடியையும் யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. மார்கழி தையில் பூத்து முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். கோடையில் இலை சுருண்டு பரிதாபமாக நிற்கும். பார்த்து இரக்கப்பட்டுத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அளவோடு ஒரு குவளை போதும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் வைக்க இடம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், செங்காந்தளை அல்ல.

இதன் காயும் வெடிக்கும். அந்தக் குடும்பத்துக்கே அது கைவந்த கலை. காய் காயும்போது இரண்டு ஓடுகளிலும் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். நுனியில் ஒட்டியிருக்கும் பசை மட்டும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் பட்டால் பசை இளகும், ஓடு பிளக்கும், கொக்கி போன்ற காம்பு விதையைக் கவண் போல வீசும். பட்டாசுக்காயின் இனத்தைச் சேர்ந்த வேறொரு ருவேலியாவை அதிவேகக் கேமராவில் பிடித்து, கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விதை நொடிக்கு 1600 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டே ஏழு மீட்டர் வரை போகிறதாம். சுழலாவிட்டால் அவ்வளவு தூரம் போகாதாம். தரைச்சக்கரம் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது.

மலையில் உள்ள குறிஞ்சியைத் தோட்டப் பட்டியலில் சேர்க்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2006-இலும் 2018-இலும் கூட்டமாகப் பூத்த நீலக்குறிஞ்சி குளிர்ந்த மலையுச்சிச் செடி, சமவெளிக்கு இறங்காது. நமக்கு மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆனது. அந்த மலையில் பூப்பதை அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

மலையடிவாரத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தோட்டம் என்றால் நந்தவனம். பெரியாழ்வார் பூந்தோட்டம் போட்ட ஊர். புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்து போகிறது. புரட்டாசி என்பது நம் கணக்கில் மழைக்கு முந்திய வறண்ட முனை. அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய மாலையைச் செவ்வந்தி, சம்பங்கி, துளசி, மரு என்று தேடிக் கட்டுவது சாதாரண வேலை இல்லை. ஆண்டாளின் கையில் தினமும் புதிதாகச் செய்து வைக்கும் கிளியைப் பாருங்கள்: மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலை. பூ குறையும் மாதத்திலும் இலையை வைத்துச் சமாளிக்கத் தெரிந்த தோட்டக்கலை அது. வீட்டுத் தோட்டக்காரர்களும் பூவை மட்டுமே எண்ணிக்கொண்டிராமல் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வறண்ட முனை என்று சொன்னேனே, ஆவணி புரட்டாசியில் ஒன்றுமே பூக்காத அந்த வாரங்களில் தோட்டத்தைக் காப்பாற்றுவது நித்தியகல்யாணி. மடகாஸ்கரில் பிறந்தது. சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து நாம் வீட்டுக்குள் விடமாட்டோம். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1950-களில் இதன் இலையில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடப்போய், ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும் வின்பிளாஸ்டினைக் கண்டார்கள். அதன் தங்கை வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மருந்து. திருநெல்வேலி, ராமநாதபுரம் வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் இதை விதைத்து இலையும் வேரும் ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். பெயரில் உள்ள சுடுகாட்டை மறந்துவிட்டு வாசலில் நாலு செடி வைக்கலாம்.

கடைசியாக இரண்டு, இரண்டுமே சாலையோரத்துச் சொத்து. சாத்தூரிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் மழைக்குப் பிறகு மஞ்சள் மஞ்சளாக நிற்கும் ஆவாரை. அதன் காலடியில் வெள்ளைப் பஞ்சுக் கதிரோடு கண்ணுப்பீளை என்கிற சிறுபூளை. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலையோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவதற்காக ஒருநாள் மட்டும் இவற்றை மதிக்கிறோம். பட்டையைத் தோல் பதனிட உரித்த காலம் போய், இப்போது ஆவாரம்பூ டீத்தூளாகிப் பொட்டலத்தில் வருகிறது. பத்துப் பூளைச் செடியை ஒரே இடத்தில் அடர்த்தியாக விட்டு, பின்னால் ஓர் ஆவாரையை இடுப்பளவுக்கு வெட்டி வளர்த்துப் பாருங்கள். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பெரும் செலவில் புல்கதிர்களை வைத்துக் கொண்டுவரும் அந்தத் தோற்றம், மார்கழிச் சாய்வெயிலில் இங்கே சும்மா கிடைக்கும். உன்னிச்செடியும் இதே பருவத்தில் பூக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் செடியை வீட்டில் வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. பட்டாசுக்காயும் பரவும்தான். அதன் காய் கறுப்பதற்கு முன் பாதியைக் கிள்ளிவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறேன்.

தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் அடைத்திருக்கும் காலத்தில்தான் இந்த ஊருக்கு ஓய்வு; தோட்ட வேலையும் அப்போதுதான் நடக்கும். டிசம்பர் பூக் குச்சி செருக, மழை லில்லிக் குமிழைப் பிரித்து நட, ஆவாரை விதை தூவ அதுவே நேரம். செங்காந்தள் கொடி மட்டும் தை மாசியில் தானாகக் காய்ந்து சரியட்டும். பச்சையாய் இருக்கும்போது அறுத்தால் கிழங்கு அடுத்த ஆண்டுக்குத் தேறாது. காய்ந்ததும் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வைகாசியில் யாராவது வெறும் மண் என்று நினைத்துக் கொத்திவிடுவார்கள். என் வீட்டில் கொத்தியது நானேதான்.